வார்ப்பிரும்பு பேஸ்போர்டு ரேடியேட்டரும் என் ஒரு குளிர்காலமும்

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி, ஸ்கெனெக்டடி பக்கம் பழைய வீடு வாங்கிய நண்பர்கள் சிலர், நான் வார்ப்பிரும்பு பேஸ்போர்டு போட்ட கதையைக் கேட்டுவிட்டு, தாங்களும் போடலாமா என்று விசாரிக்கிறார்கள். தாராளமாகப் போடலாம். சூடு அருமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சூடு வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. வீணாய்ப் போன பணம் மட்டும் 2,300 டாலருக்கு மேல். முன்கூட்டியே யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் ஒப்பிப்பதைவிட எழுதிவைப்பது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: இங்கே பழைய வீடுகள் பலவற்றில் பேஸ்மென்டில் ஒரு பாய்லர் இருக்கும். அது சூடாக்கும் தண்ணீரைப் பம்ப் ஒன்று வீடு முழுக்கச் சுற்றவிடும். அறைகளில் சுவரின் அடியில், தரையை ஒட்டி நீளமாக ஓடும் ரேடியேட்டர்தான் பேஸ்போர்டு. பெரும்பாலான வீடுகளில் இருப்பது செப்புக் குழாயில் அலுமினியத் தகடுகளைச் செருகி, மேலே மெல்லிய தகர உறை மாட்டிய வகை. நான் சொல்வது அதுவல்ல. முழுக்க வார்ப்பிரும்பில் செய்தது; சுமார் 10 அங்குல உயரம், இரண்டரை அங்குலத் தடிமன். அதன் உள்ளேயே தண்ணீர் ஓடும். பாய்லர் நின்ற பிறகும், அடுப்பை அணைத்த தோசைக்கல் போல, வெகுநேரம் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். தகரம் போல நசுங்காது, கடகடக்காது. புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் பழையதைத் தேடிப் போகிறோம்.

எங்கள் வீடு 1920களில் கட்டியது. முந்தைய உரிமையாளர் ஆதி ரேடியேட்டர்களை எல்லாம் கழற்றி விற்றுவிட்டுத் தகர உறை வகையைப் போட்டிருந்தார். இடிக்கப்போகிற வீடு ஒன்றிலிருந்து 70 அடி வார்ப்பிரும்பு பேஸ்போர்டை 1,100 டாலருக்கு ஒருவர் தருவதாகச் சொன்னார். ஒரு வெப்ப ஒப்பந்தக்காரரைப் பேசினேன். 1,500 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் கடைசியில் வந்து, சமையலறை தவிர மற்ற அறைகளின் பழைய பேஸ்போர்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டார். பிறகு கராஜில் கிடந்த இரும்புக் குவியலைப் பார்த்தார். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த வாரம் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவர்தான். அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

அக்டோபர் நடுவில் உறைபனி விழத் தொடங்கிவிட்டது. மனைவியும் மகளும் மைத்துனி கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார்கள். சமையலறைக்கு மட்டும் தனிச் சுற்று இருந்ததால் அது ஓடியது. மற்ற அறைகளில் சுவரில் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. சமையலறையில் பாய் விரித்துப் படுத்தேன். படுக்கையறைக் குழாய்கள் உறைந்துவிடுமோ என்ற பயத்தில் மின்சார ஹீட்டர்களை வைத்தேன். அந்தக் கணக்கில் மட்டும் கூடுதலாக 600 டாலர் போயிற்று. ஹீட்டர் ஒன்று 1,500 வாட் இழுக்கும். பழைய வீட்டின் 15 ஆம்பியர் சுற்று ஒன்றில் ஒன்றுக்கு மேல் வைக்கவே கூடாது, நீட்டிப்புக் கம்பியிலும் செருகக் கூடாது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் அம்மா, "வீடு சூடாக இருக்கிறதா?" என்று கேட்பாள். இருக்கிறது என்றுதான் சொல்லிவந்தேன்.

முன்பண விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தில் 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் சட்டப்படி கட்டாயம். வாங்கும் முன்பணத்தை ஒப்பந்தக்காரர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததால் சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போனேன். நகர நீதிமன்றங்களில் 5,000 டாலர் வரை கேட்கலாம். தீர்ப்பு என் பக்கம் வந்தது. பணம் வரவில்லை. ஆகவே சட்டத்தைவிடப் பயனுள்ள பாதுகாப்பு ஒன்றைச் சொல்கிறேன்: புதிய ரேடியேட்டர் சோதித்து, கழுவி, பெயின்ட் அடித்து, கராஜில் தயாராக நிற்கும்வரை பழையதில் ஒரு திருகைக்கூட யாரையும் தொடவிடாதீர்கள். எவ்வளவு அவசரம் காட்டினாலும் விடாதீர்கள்.

இனி இரும்பின் கதை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பைப் ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் கராஜுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை ஒழுகும் என்று பார்த்தாயா என்றார். விற்றவர், கழற்றிய நாள்வரை ஓடிக்கொண்டிருந்தவை என்று சத்தியம் செய்திருந்தார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கழற்றிய துண்டைத் தண்ணீரோடு குளிரில் போட்டுவைத்தால் உறைந்து விரிந்து இரும்பைப் பிளந்துவிடும். அறுபது வருடப் பெயின்ட் அந்த விரிசலை மூடி மறைத்திருக்கும்.

சோதனை எளிதானதுதான். ரேடியேட்டரின் முனைகளில் முக்கால் அங்குலத் திருகுத் துளை இருக்கும். ஒரு முனையைப் பிளக் போட்டு அடைக்க வேண்டும். மறுமுனையில் ஒரு வால்வு, ஓர் அழுத்தமானி, தோட்டக் குழாய் மாட்டும் இணைப்பு. காற்றெல்லாம் வெளியேறும்வரை தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை 45 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு) கொண்டுபோய் வால்வை மூடிவிட்டு, இரவு முழுக்க விட்டுவிடலாம். வீட்டுப் பாய்லரின் பாதுகாப்பு வால்வு 30 பி.எஸ்.ஐ.யில் திறந்துகொள்ளும் என்பதால், அதைப்போல் ஒன்றரை மடங்கில் தாங்கினால் போதும். கம்ப்ரசர் வைத்துக் காற்றில் சோதிப்பவர்களும் உண்டு. அழுத்தத்தில் அடைபட்ட காற்று, விரிசல் விட்ட இரும்போடு சேர்ந்தால் வெடிகுண்டுக்குச் சமம். தண்ணீரில் சோதித்தால் ஒழுகுவதோடு முடிந்துவிடும். ஏழடி நீளத் துண்டுகள் இரண்டில், காலையில் பார்த்தபோது முள் இறங்கியிருந்தது. ஒன்றில் முடிபோன்ற விரிசல், பின்பக்கத் தகடுகளுக்கு நடுவே. மற்றதில் இரண்டு பகுதிகள் சேருமிடத்திலேயே கசிவு. 14 அடி, 220 டாலர். விற்றவர் திருப்பித் தரவில்லை. விற்பவரின் இடத்திலேயே சோதித்துப் பார்க்கிற ஏற்பாட்டோடு போங்கள்; பிளக், மானி எல்லாம் சேர்த்து 40 டாலருக்குள்தான் ஆகும்.

சேருமிடத்தில் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் தூக்கும் விதம். நீளத் துண்டுகள் ஒரே வார்ப்பு அல்ல. சிறு பகுதிகளை நடுவில் ஒரு குறுங்குழல் வைத்து இறுக்கிச் சேர்த்தவை. மல்லாக்கப் படுக்கவைத்து நடுவில் பிடித்துத் தூக்கினால் தன் எடையிலேயே வளைந்து இணைப்பு திறந்துகொள்ளும். சுவரில் எப்படி நிற்குமோ அப்படியே நிமிர்த்திவைத்து, இரு முனைக்கும் சற்று உள்ளே பிடித்து, இரண்டு பேர் தூக்க வேண்டும். லாரியிலும் அடியில் பலகை கொடுத்து நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். பழைய குழாய்த் துண்டு துளையில் இறுகிப்போயிருந்தால், துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு நாள் விட்டுவிட்டு, பிறகு பைப் ரெஞ்ச் போடுங்கள். பலத்தைக் காட்டினால் உடைவது குழாய் மட்டுமல்ல, ரேடியேட்டரின் வாயும்தான்.

அடுத்தது உள்பக்கம். தோட்டக் குழாயை முழு வேகத்தில் விட்டபோது கன்னங்கரேலென்று சேறு வந்தது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கருஞ்சேறு, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டானது. அதை அப்படியே விட்டால் பம்ப்புக்குள்ளும் பாய்லருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு முனையிலிருந்து விட்டு, பிறகு மறுமுனையிலிருந்து விட்டு, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். அலசியபின் சாய்த்துவைத்து முழுக்க வடித்துவிடுங்கள். சூடில்லாத கராஜ் என்றால் இது உயிர்நாடி. உள்ளே மிஞ்சும் தண்ணீர் உறைந்து நல்ல துண்டையும் பிளந்துவிடும்.

வெளிப்பக்கம்தான் ஆபத்தானது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் கலப்பதற்கு 1978இல் தடை வந்தது. அதற்கு முந்தைய ரேடியேட்டர் என்றால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். நான் ஒரு துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பினேன், இருந்தது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடெல்லாம் பரவும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மகள் மதுரையில் இருந்தது அந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. அப்போதும் வீட்டுக்குள் வைத்துச் செய்யவில்லை. உதிரும் இடங்களை மட்டும் ஈரப்படுத்திச் சுரண்டி, அடியில் தடித்த பிளாஸ்டிக் விரித்துச் சேகரித்து, நுண்வடிகட்டி உள்ள வேக்யூம் போட்டேன். வேலைச் சட்டையைக்கூட வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. பெயின்ட் முழுக்கப் போக வேண்டும் என்றால், ஈயப் பெயின்டைக் கையாளும் மணல்வீச்சுக் கடையில் கொடுத்துவிடுங்கள். நான் வரவேற்பறைத் துண்டுகளை அப்படித்தான் கொடுத்தேன். கொடுத்த பணத்துக்கு வருத்தமே இல்லை. பழைய ஆட்கள் பரிந்துரைக்கும் மெத்திலீன் குளோரைடு பெயின்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பது 2019 முதல் தடை; யாராவது ஷெட்டில் பழைய டப்பா இருக்கிறது என்று கொடுத்தால் வாங்காதீர்கள். மூடிய இடத்தில் அதன் ஆவி ஆளைக் கொன்றிருக்கிறது.

மணல்வீச்சு முடிந்த இரும்பு ஒரே நாளில் துரு பிடிக்கும். வந்த அன்றே துரு தடுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். மேலே சாதாரண எண்ணெய் வகைப் பெயின்ட் எந்த நிறத்திலும் அடிக்கலாம், கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளி, வெண்கலப் பொடி கலந்த உலோகப் பெயின்டை மட்டும் கடைசிப் பூச்சாக அடிக்க வேண்டாம். அது வெப்பக் கதிர்வீச்சைக் குறைத்துவிடும். திருகுத் துளைகளுக்கும் காற்று வெளியேற்றும் சிறு துளைக்கும் பிளக் போட்டுவிட்டு அடியுங்கள். முதல் தடவை சூடேறும்போது பெயின்ட் வாடை நிச்சயம் வரும். அன்றைக்கு ஜன்னலைத் திறந்துவைக்க மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அடி வேண்டும் என்ற கணக்குக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு இரண்டு மடங்கு சூடு தரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். தராது. தகர உறை வகை, 180 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் அடிக்கு மணிக்கு 550 முதல் 600 பி.டி.யு. (வெப்ப அளவு) வரை தரும். வார்ப்பிரும்பும் ஏறத்தாழ அதே வட்டாரம்தான். உங்கள் மாடலுக்குரிய அட்டவணையைப் பாருங்கள். தண்ணீரை 140 டிகிரியில் ஓட்டினால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். எரிவாயுவில் ஓடும் கண்டென்சிங் பாய்லர் (புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் சூட்டையும் பயன்படுத்தும் வகை) வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: திரும்பிவரும் தண்ணீர் 130 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த பாய்லர் சொன்னபடி சிக்கனமாக எரியும், அப்படி ஓட்ட வேண்டுமென்றால் அடிகள் அதிகம் வேண்டும். என்னுடையது பழைய வார்ப்பிரும்பு பாய்லர். அதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. குளிர்ந்த தண்ணீர் தொடர்ந்து திரும்பி வந்தால் புகைபோக்கியில் அமில ஈரம் படிந்து பாய்லரே அரித்துப்போகும். ரேடியேட்டரில் தண்ணீர் அதிகம் பிடிப்பதால் முதல் அரைமணி நேரம் குளிர்ந்ததுதான் திரும்பும். அதற்கு, சூடான தண்ணீரில் கொஞ்சத்தை நேராகப் பாய்லருக்கே திருப்பிவிடும் ஒரு பைபாஸ் இணைப்பு வைக்க வேண்டியிருந்தது. அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டபோதுதான், வெளியே பூஜ்ஜியம் டிகிரி ஃபாரன்ஹீட் ஆகிற இரவுகளுக்கு மிஞ்சிய 56 அடி மூன்று படுக்கையறைகளுக்கும் வரவேற்பறைக்கும்தான் போதும் என்று தெரிந்தது. படிப்பறைக்குத் தகர உறை வகையே போட்டேன், ஆனால் தனிச் சுற்றில். இரண்டு வகையையும், அறைச் சூட்டைப் பார்த்துப் பாய்லரை எழுப்பும் தெர்மோஸ்டாட் ஒன்றிலேயே சேர்க்கவே கூடாது. தகரம் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும். இரும்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஓர் அறை வேக, மற்றது நடுங்கும்.

சுவரைத் திறந்தபோது இரண்டு செலவுகள் காத்திருந்தன. அக்காலத்து வீடுகள் பலவற்றில் மின் பிளக் பாயின்ட்டுகள், சுவரடியில் ஓடும் மரப் பேஸ்போர்டு பலகையிலேயே பதித்திருக்கும். மரத்தைக் கழற்றி இரும்பை வைக்க வேண்டும் என்றால் பாயின்ட்டுகளைச் சுவரில் மேலே ஏற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு 850 டாலர். பேஸ்மென்ட் குழாய்களைச் சுற்றி வெள்ளையாக, அட்டை போல மடிப்பு மடிப்பாக இருந்த உறை, நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ். அதைத் தொடாமல் உரிமம் பெற்றவர்களைக் கூப்பிட்டேன். மரத்தை எடுத்த இடத்தில் சுவர்ப் பூச்சுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கையை வைத்தால் வெளிக்காற்று ஊதியது. ரேடியேட்டர் வந்தபின் அங்கே கை நுழையாது. ஆகவே நுரை அடைத்து, பூச்சைச் சரிசெய்து, பின்பக்கச் சுவருக்குப் பெயின்டும் அடித்து முடித்துவிட்டுத்தான் இரும்பை உள்ளே கொண்டுவர வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின், மாட்டுகிற வேலை உண்மையில் ஒரு வாரக் கடைசிதான். பைப் ஃபிட்டர் பெரியவர் கைகொடுத்தார். கூலி வாங்கவில்லை, மனைவி வந்ததும் சாம்பாரும் வடையும் வாங்கிக்கொண்டார். அவர் சொல்லிக்கொடுத்தவற்றில் சில: மரத் தரையில் குழாய்க்குத் துளையிடும்போது தாராளமாக இடுங்கள். முக்கால் அங்குலச் செப்புக் குழாயின் வெளிவிட்டம் எட்டில் ஏழு பங்கு அங்குலம். துளை ஒன்றேகால் அங்குலமாவது வேண்டும். 20 அடி இரும்பு குளிரிலிருந்து சூட்டுக்குப் போகும்போது நான்கு மில்லிமீட்டர் வரை நீளும். குழாய் மரத்தில் உரசினால் இரவெல்லாம் டக் டக் என்று சத்தம் கேட்கும். செப்பு இணைப்பை ரேடியேட்டரில் திருகியபின் பற்றவைக்காதீர்கள், அந்தச் சூட்டில், ஒழுகாமல் இருக்கத் திருகில் சுற்றும் டெஃப்லான் டேப் பாழாகும். முதலில் மேசையில் வைத்துப் பற்றவைத்து, ஆறியபின் திருகுங்கள். ஒவ்வொரு முனையிலும் யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றக்கூடிய இணைப்பு) வையுங்கள், நாளைக்குக் கழற்ற வேண்டிவரும். பிளாஸ்டிக் பெக்ஸ் குழாய் போடுவதென்றால் ஆக்சிஜன் தடுப்புப் பூச்சு உள்ளதாகவே வாங்குங்கள், இல்லாவிட்டால் கழுவித் தள்ளிய கருஞ்சேறு திரும்ப உண்டாகும்.

நிரப்பும்போது குளிர்ந்த நிலையில் 12 பி.எஸ்.ஐ. போதும், அது தண்ணீரை 27 அடி உயரத்துக்கு ஏற்றும், இரண்டு மாடிக்குத் தாராளம். ஒவ்வொரு துண்டின் முனையிலும் சாவி போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். சூடேற்றி ஒருநாள் ஓடியபின் மறுபடி செய்ய வேண்டும், சூடான தண்ணீரிலிருந்து காற்று பிரிந்துகொண்டே இருக்கும். இரண்டாம் நாள் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கியது. எங்கும் தப்பில்லை, முன்பைவிட அதிகத் தண்ணீர் இருப்பதால் சூட்டில் விரியும் அளவும் கூடிவிட்டது, விரியும் தண்ணீருக்கு இடம் தரும் பழைய எக்ஸ்பான்ஷன் டேங்க் போதவில்லை. அடுத்த பெரிய அளவு மாற்றியதும் நின்றது. இதை முதலிலேயே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவில் பத்து டிகிரி குறைத்துக் காலையில் ஏற்றும் பழக்கம் இரும்புக்கு ஒத்துவராது, ஏறுவதற்குள் நீங்கள் அலுவலகம் போய்விடுவீர்கள். நான் இரண்டு டிகிரிக்கு மேல் குறைப்பதில்லை. பல தெர்மோஸ்டாட்டுகளில் மணிக்கு எத்தனை தடவை பாய்லரை எழுப்ப வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். வெந்நீர் ரேடியேட்டருக்கு அது 3இல் இருக்க வேண்டும். சூடான காற்று ஊதும் வீடுகளுக்கான 5இல் விட்டுவிட்டால் பாய்லர் தேவையில்லாமல் விழித்து விழித்து அடங்கும். என்னுடையது 5இல்தான் இருந்தது, மாற்ற ஒரு நிமிடம் ஆயிற்று.